உஷார்! ‘மக்கும்’ என்று போட்ட பை மாட்டுப்பட்டியில் மக்காது

மூணாறு கிளம்புகிறீர்களா? ஒரு நிமிஷம் நில்லுங்கள். போடிமெட்டு ஏறினாலும் சரி, உடுமலை, மறையூர் வழியாகப் போனாலும் சரி, ஸ்வெட்டரை எடுத்து வைத்தாயிற்றா என்று பார்க்கும்போதே ஆளுக்கொரு ஸ்டீல் டம்ளரும் இரண்டு துணிப்பையும் எடுத்து வைத்தாயிற்றா என்று பாருங்கள். மேலே போனதும் உங்கள் கையில் பச்சை இலை படம் போட்ட பை ஒன்றைத் திணிப்பார்கள். மக்கும் என்று அதில் எழுதியிருக்கும். நம்பாதீர்கள். நான் நம்பி ஏமாந்தவன்.

போன ஜனவரியில் நடந்தது. மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி அணை 13 கிலோமீட்டர். வழியில் ரோட்டோரக் கடையில் வட்டவடை கேரட் ஒரு கட்டு வாங்கினேன். தழை பச்சையாக நிற்க, வேரில் ஈர மண் ஒட்டியிருந்தது. கடைக்காரர் அதை வெள்ளைப் பை ஒன்றில் போட்டுக் கொடுத்தார். பையில் பச்சை மையில் ‘ஐ ஆம் நாட் பிளாஸ்டிக்’. கீழே ஓர் இலை. அதற்குக் கீழே ‘100 சதவீதம் மக்கும்’. தொட்டால் கொஞ்சம் வழவழப்பு, கொஞ்சம் மாவு தடவினாற்போல. நல்ல காலம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. பையின் ஓரத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு துண்டு வெட்டினேன். டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, துண்டை உள்ளே போட்டு, காற்றுக் குமிழ் ஒட்டாதபடி விரலால் தேய்த்து, அடிக்கே அழுத்திவிட்டு விரலை எடுத்தேன். மேலே வந்துவிட்டது. திரும்ப அழுத்தினேன். திரும்பவும் வந்தது. தக்கை மாதிரி மிதந்தது.

விஷயம் இதுதான். நாம் காலங்காலமாகக் கடையில் வாங்கிவரும் கவர் பாலிஎதிலீன். அது தண்ணீரைவிட லேசு, மிதக்கும். உண்மையிலேயே மக்கக்கூடிய பைகளைச் செய்யும் பி.எல்.ஏ., பி.பி.ஏ.டி., மாவுச்சத்து மூன்றும் தண்ணீரைவிடக் கனம். தண்ணீரின் கனத்தை 1 என்று வைத்தால் பி.எல்.ஏ. சுமார் 1.24, பி.பி.ஏ.டி. சுமார் 1.25. மூழ்கியே ஆக வேண்டும். மிதந்தால் பொய், அவ்வளவுதான். இந்தச் சோதனைக்குக் காசு கிடையாது, லேப் கிடையாது, ஐந்து நிமிஷம் போதும். ஆனால் மூழ்கிவிட்டது என்பதால் மட்டும் அது நல்ல பை ஆகிவிடாது. பாலிஎதிலீனில் சுண்ணாம்புத் தூளை அள்ளிக் கலந்தாலும் மூழ்கும். கலக்கிறார்கள், விலை குறையும் என்பதால்.

சில சோதனைக்கூடங்களில் டைக்ளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் பையைப் போட்டுப் பார்ப்பார்கள். மக்கும் பை கரையும், பாலிஎதிலீன் கரையாது. யூடியூபில் பார்த்துவிட்டு அதை வாங்கி வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். அதன் ஆவி நல்லதல்ல. டம்ளர் தண்ணீரே போதும்.

சரி, துண்டு மூழ்கிவிட்டது, பை அசல்தான் என்றே வைத்துக்கொள்வோம். நிம்மதியாகக் குப்பையில் போடலாமா? பெரிய உஷார் இங்கேதான்.

மக்கும் பிளாஸ்டிக்குக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 17088 என்று ஒரு தரம் இருக்கிறது. உலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 17088-ஐ ஒட்டியது. அதன்படி பொருளை உரம் நிரப்பிய கலனில் வைத்து, 180 நாளுக்குள் அதிலுள்ள கரியில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாறுகிறதா என்று அளப்பார்கள். 12 வாரத்தில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது. கறாரான சோதனைதான். ஆனால் அந்த 180 நாளும் அந்தக் கலனை எத்தனை டிகிரியில் வைத்திருப்பார்கள் தெரியுமா? 58 டிகிரி செல்சியஸ்.

58 டிகிரி! மாட்டுப்பட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். சித்திரையிலும் ராத்திரி சால்வை தேடுகிற ஊர். ஜனவரியில் புல்லின் மேல் உப்புத் தூவினாற்போல உறைபனி விழும். வெப்பமானி சுழியத்துக்குக் கீழே இறங்கிய காலைகள் இந்தப் பக்கத்தில் உண்டு.

எஸ்டேட் லயங்களில் இருக்கும் எந்தப் பெண்மணியையாவது கேளுங்கள், இட்லி மாவு இங்கே ராத்திரி பொங்குமா என்று. சிரிப்பார்கள். அடுப்பங்கரையில் வைத்து, கம்பளியைப் போர்த்தி, சில நாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்து, அப்புறமும் காலையில் மூடியைத் திறந்தால் அரைத்து வைத்தது அரைத்து வைத்தபடியே இருக்கும். நுண்ணுயிருக்கு இதமான சூடு வேண்டும். மாவே புளிக்காத குளிரில் பை எப்படி மக்கும்?

பி.எல்.ஏ.வுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்கி, அந்த மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துச் செய்வது அது. சுமார் 60 டிகிரிக்குக் கீழே அந்தச் சங்கிலிகள் கண்ணாடி போல இறுகிக் கிடக்கும். தண்ணீர் உள்ளே புகாது. தண்ணீர் புகுந்து கண்ணிகளை அறுத்தால்தான் நுண்ணுயிர் வந்து துண்டுகளைத் தின்னும். அறுபதை நெருங்கினால் சங்கிலி இளகும், வேலை மளமளவென்று நடக்கும். இதெல்லாம் பெரிய உர ஆலைகளின் சூடான குவியலுக்குள் நடக்கிற காரியம். அணைக்கரைப் புல்வெளியில் நடக்காது. தேயிலைச் செடி அடியில் நடக்காது. ஓடையில் நடக்கவே நடக்காது.

வெளிநாட்டில் ஆற அமரச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் இமோஜென் நாப்பரும் ரிச்சர்ட் தாம்ப்சனும் பலவகைப் பைகளை மண்ணில் புதைத்தார்கள், கடலில் தொங்கவிட்டார்கள், வெயிலில் கட்டி வைத்தார்கள். 2019இல் முடிவு வெளிவந்தது. ‘பயோடீகிரேடபிள்’ என்று விற்ற பை மூன்று வருஷம் மண்ணிலும் கடலிலும் கிடந்த பிறகும் கடைச் சாமானைத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குத் திடமாக இருந்தது. ‘கம்போஸ்டபிள்’ பை கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போனது. அதே பை மண்ணில் 27 மாதம் ஆகியும் கிடந்தது, பாரம் தாங்கவில்லை என்பதைத் தவிர. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் நடத்திய இன்னொரு சோதனையில் பொதுமக்களே தங்கள் தோட்டத்து உரக்குழியில் போட்டுப் பார்த்தார்கள். 2022இல் வெளிவந்த கணக்குப்படி, வீட்டிலேயே மக்கும் என்று போட்டிருந்த பிளாஸ்டிக்குகளில் 60 சதவீதம் முழுசாகச் சிதையவில்லை.

இங்கே மண்ணோடு மட்டும் பிரச்சினை முடிவதில்லை, யானை இருக்கிறது. மாட்டுப்பட்டிப் புல்வெளிக்குக் காட்டு யானைகள் இறங்குவதைப் பார்க்கத்தானே பாதிப் பேர் வண்டியை ஓரங்கட்டுகிறார்கள்! ரஜினி படத்தின் பெயரைச் சுமந்து திரியும் ‘படையப்பா’ என்ற கொம்பனை மூணாறில் தெரியாதவர் கிடையாது. நல்லதண்ணி கல்லாறு குப்பைக் கூடத்துக்கு அவன் வந்து, கழித்துப்போட்ட காய்கறியோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் தின்றதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கேரட் வாசம் ஒட்டிய பை யானைக்குக் கேரட்தான். அதன் வயிற்றுச் சூடு 58 டிகிரி அல்ல. இலங்கையில் அம்பாறைப் பக்கம் பள்ளக்காடு குப்பைமேட்டில் தின்று, எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022இல் செய்தி வந்தது. உடல்களை அறுத்துப் பார்த்தபோது உள்ளே கவர்களும் உணவுப் பொட்டல உறைகளும்.

இத்தனை பை திடீரென்று எங்கிருந்து வந்தது? தடையிலிருந்துதான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1, கேரளத்தில் 2020 ஜனவரி 1, நாடு முழுக்க 2022 ஜூலை 1 என்று ஒருமுறை தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை வரிசையாக வந்தது. போதாததற்கு, 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் மூணாறு உள்ளிட்ட மலைச் சுற்றுலா இடங்களுக்குத் தனியாக உத்தரவு போட்டது: அக்டோபர் 2 முதல் 5 லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டிலும்கூடக் கூடாது. நல்ல உத்தரவு, நான் கைதட்டுகிறேன். ஆனால் தடை வந்த இடத்தில் மாற்றுக்கு மவுசு வரும், மவுசு வந்த இடத்தில் போலி வரும். சாதாரண கவர் 120 மைக்ரானாவது தடிமனாக இருக்க வேண்டும் என்று மத்திய விதி சொல்கிறது. மக்கும் பைக்கு மட்டும் அந்த விதியில் விலக்கு. அப்புறம் என்ன? மெல்லிசுக் கவரில் இலையை அச்சடித்தால் விலக்கு கிடைத்த மாதிரிதான்! வெள்ளையெல்லாம் பாலல்ல என்பார்கள். மாட்டுப்பட்டியில் பச்சையெல்லாம் இலையல்ல.

துணி மாதிரி இருக்கும் பை ஒன்றும் சுற்றுகிறது. ஜவுளிக்கடையில் கொடுப்பார்களே, கலர் கலராக, சொரசொரப்பாக. அது நான்-ஓவன். நூலே கிடையாது, முழுக்க பாலிப்ரொப்பிலீன். பழசானால் விரலில் தேய்த்தாலே தூள் தூளாக உதிரும். அந்தத் தூளைப் பிறகு யார் பொறுக்குவது?

பையை விட்டு டீக்கு வருவோம். இதில்தான் எனக்கு நிஜமாகவே பயம்.

தேயிலை நாட்டில் டீ குடிக்காமல் திரும்புவார்களா? அணைக்கட்டு ஓரத்தில் பேப்பர் கப்பில்தான் கொடுப்பார்கள். பேப்பர்தானே என்று நாமும் வாங்குவோம். குடித்து முடித்த கப்பைக் கிழித்து, உள்பக்கத்தை நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். மெல்லிய சவ்வு ஒன்று உரிந்து வரும். அது இல்லாவிட்டால் காகிதம் டீயில் ஊறிக் கையிலேயே கரைந்துவிடும். அந்தச் சவ்வு பெரும்பாலும் பாலிஎதிலீன். ‘இது பி.எல்.ஏ. கோட்டிங் சார்’ என்பார்கள். கண்ணால் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஐ.ஐ.டி. கரக்பூரில் சுதா கோயல் தலைமையில் ஒரு குழு இந்தக் கப்புகளை எடுத்து, 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி தண்ணீர் ஊற்றி, 15 நிமிஷம் வைத்து எண்ணியது. நாம் ஒரு டீயை ஊதி ஊதிக் குடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அது. சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள். ஒரு கப்பில்! மூணாறு குளிரில் நாளைக்கு நாலு டீ குடிப்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். உடம்புக்குள் போன துகள் என்ன செய்யும் என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. அதற்காக அதுவரை நாமே ஆய்வுக்கூடமாக இருக்க வேண்டுமா?

எஸ்டேட் கடைகளில் அழகான முக்கோண டீ பைகள் தொங்கும், பட்டு மாதிரி பளபளவென்று. நைலான் அல்லது பெட் பிளாஸ்டிக்கில் செய்தவை பல. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகம் 2019இல் இப்படிப்பட்ட பிளாஸ்டிக் பையை 95 டிகிரி வெந்நீரில் போட்டு, ஒரு கோப்பைக்கு 1,160 கோடி நுண்துகள் என்று சொல்லி உலகத்தையே திடுக்கிட வைத்தது. வேறு சில வேதியியலாளர்கள் குறுக்கே வந்தார்கள்: நீங்கள் எண்ணியதில் பெரும்பகுதி பிளாஸ்டிக் துகள் அல்ல, அதிலிருந்து கரைந்து வந்து உலரும்போது படிந்த சிறு மூலக்கூறுகள் என்றார்கள். எண்ணிக்கையில் சண்டை இருக்கட்டும். பிளாஸ்டிக்கிலிருந்து ஏதோ ஒன்று டீக்குள் இறங்குகிறது என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை. தூளை வாங்கி வடிகட்டிக் குடியுங்கள்.

வேறு சில பொருள்களையும் சட்டென்று சொல்லிவிடுகிறேன். மூங்கில் கப் என்று விற்பதில் ஒரு வகை, மூங்கில் தூளை மெலமைன் ஃபார்மால்டிஹைடு பிசினில் குழைத்து அச்சில் வார்த்தது. சூடாக ஊற்றினால் அந்தப் பிசின் பிரிந்து பானத்தில் இறங்கும். சூடான பானத்துக்கு ஆகாது என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2020இல் எச்சரித்தது. மறு வருஷம் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றைச் சந்தையிலிருந்து அகற்றத் தனி நடவடிக்கையே எடுத்தது. மூங்கில் துண்டு, மூங்கில் பனியன் என்பவை பெரும்பாலும் ரேயான்தான். மூங்கிலைக் காரத்திலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்துக் கூழாக்கி நூலாக இழுப்பது. ரேயானை மூங்கில் என்று விற்றதற்காக 2022இல் அமெரிக்காவில் கோல்ஸ், வால்மார்ட் இரண்டும் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. ரேயான் கூழ் ஆலை என்றால் என்னவென்று மாவூரில் சாலியாற்றங்கரைக்காரர்களையும் சிறுமுகையில் பவானிக்கரைக்காரர்களையும் கேட்டால் தெரியும். ஆற்றுத் தண்ணீரின் நிறத்தையே சொல்வார்கள். பேப்பர் ஸ்ட்ராவா? பெல்ஜியத்தில் 2023இல் 39 பிராண்டு ஸ்ட்ராக்களைச் சோதித்ததில், 20 காகித பிராண்டுகளில் 18-ல் பி.எஃப்.ஏ.எஸ். என்ற அழியா ரசாயனம். ஸ்டீல் ஸ்ட்ராவில் மட்டும் இல்லை. நாம் பெருமையோடு ஏற்றுமதி செய்யும் பாக்குமட்டைத் தட்டைப் பற்றியும் 2025 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது: பாக்கில் உள்ள ஆல்கலாய்டுகள் சாப்பாட்டுக்குள் இறங்கலாமாம். இதைப் படித்தபோது எனக்கே மனசு ஒப்பவில்லை. வாழையிலை இருக்கும்போது வம்பு எதற்கு என்று மட்டும் தோன்றியது.

இவ்வளவையும் விற்கிறவர்களிடம் கேட்டால் ஒரே பதில்தான்: ‘ஆராய்ச்சியில் நிரூபிச்சிருக்காங்க சார், பேப்பரே வந்திருக்கு.’

பேப்பர்! இந்தச் சொல்லுக்கு நம் கல்லூரிகளில் தனி மகிமை. ‘இந்த வருஷம் எத்தனை ஸ்கோப்பஸ் பேப்பர் போட்டீங்க?’ என்பதுதான் துறைத்தலைவர் கேட்கும் முதல் கேள்வி. பதவி உயர்வுக்குப் பேப்பர், தரவரிசைக்குப் பேப்பர், முனைவர் பட்டத்துக்குப் பேப்பர். வேகமாகப் பேப்பர் விளையக்கூடிய வயல் எது தெரியுமா? பசுமைப் பொருள்கள்தான். வாழைத்தோல், மரவள்ளி மாவு, இறால் ஓட்டுக் கைட்டோசான், கொஞ்சம் கிளிசரின். தட்டில் ஊற்றிக் காயவைத்தால் ஒரு படலம். இழுத்துப் பார்த்து ஒரு வரைபடம், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு படம். தொட்டி மண்ணில் 30 நாள் புதைத்து எடுத்து எடை போட்டால் 40 சதவீதம், 50 சதவீதம் என்று எடை குறைந்திருக்கும். உடனே ‘மக்கியது’ என்று எழுதிவிடலாம்.

எதில் குறைந்தது அந்த எடை? கிளிசரின் தண்ணீரில் கரையும். மண் ஈரம் பட்டால் முதலில் அதுதான் கழுவிக்கொண்டு போகும். படலம் நொறுங்கித் துண்டாகி மண்ணோடு கலந்தாலும் எடை குறைந்த மாதிரியே தெரியும். நிஜமாக மக்கியதா என்று சொல்ல வேண்டுமானால் வெளிவந்த கரியமில வாயுவை மாதக்கணக்கில் அளக்க வேண்டும். அதற்குக் கருவி வேண்டும், பொறுமை வேண்டும், ஒரு வருஷம் பேப்பர் இல்லாமல் இருக்கத் துணிச்சல் வேண்டும். எத்தனை பேருக்கு அது கட்டுப்படியாகும்? ஆய்வு மாணவர்களைக் குறை சொல்லவில்லை. அளக்கிற கோலே கோணல்.

கோணல் கோலுக்குச் சந்தையும் வந்துவிட்டது. முதல் ஆசிரியர் இடத்துக்கு ஒரு விலை, மூன்றாம் இடத்துக்கு ஒரு விலை என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் கடை விரிக்கிறார்கள். 2023 ஒரே வருஷத்தில் உலக அளவில் 10,000-க்கு மேல் ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் 8,000-க்கு மேல் ஹிண்டாவி என்ற ஒரே பதிப்பகத்தினுடையவை. இந்தியாவிலும் உயர்கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசையில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தாமதமாகவாவது வந்தது. ஆகவே யாராவது ‘பேப்பர் இருக்கு’ என்றால், அது இன்னும் இருக்கிறதா, வாபஸ் ஆகிவிட்டதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

இப்படி உஷார் உஷார் என்று கத்துகிறவனிடமும் உஷாராக இருங்கள், என்னையும் சேர்த்துத்தான். 2024 அக்டோபரில் கறுப்பு பிளாஸ்டிக் கரண்டி விஷம் என்று ஓர் ஆய்வு உலகத்தைச் சுற்றி வந்தது. வீடு வீடாகக் கரண்டியைத் தூக்கிப் போட்டார்கள். பிறகு பார்த்தால் பெருக்கல் தப்பு. 60 கிலோ ஆளுக்கு, கிலோவுக்கு 7,000 வீதம் பாதுகாப்பான வரம்பு 4,20,000 நானோகிராம். அவர்கள் 42,000 என்று எழுதியிருந்தார்கள். ஒரு சுழியம் விட்டுப்போனதில் அபாயம் பத்து மடங்காகிவிட்டது. ஆறாம் வகுப்புப் பையன் செய்தால் காதைத் திருகியிருப்போம்.

மாட்டுப்பட்டிக்காரர்களுக்குப் ‘பசுமைப் பொருள்’ என்பது புதுசு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ரோட்டின் இருபுறமும் யூகலிப்டஸ் நிற்கிறதே, போட்டோ எடுக்க அழகாக? தேயிலை உலர்த்த விறகு என்று நட்டது. வெட்ட வெட்டத் தழைக்கும், தீராத எரிபொருள் என்றார்கள். மஞ்சள் பூப் பூக்கும் வாட்டில் மரம் இன்னும் சுவாரசியம். அதன் பட்டையில் டானின் அதிகம், தோல் பதனிட நல்லது. தாவரத்திலிருந்து வருகிற ரசாயனம், மறுபடி மறுபடி வளரும். இன்றைக்கு என்றால் அதற்கும் ஓர் இலை முத்திரை குத்தியிருப்பார்கள். அந்த வாட்டில் இப்போது சோலைக்காட்டையும் புல்வெளியையும் விழுங்கிக்கொண்டிருக்கிறது. விதை பல பத்தாண்டு மண்ணுக்குள் உறங்கும், தீப்பட்டால் விழிக்கும். புல்வெளி பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்திருந்து ஓடைக்கு விட்ட தண்ணீர் இப்போது குறைந்துகொண்டே வருகிறது. பழத்தோட்டம் என்ற இடத்தில் வனத்துறை ஆட்கள் அந்த மரத்தை வேரோடு பிடுங்கி, பழைய புல்லைத் தேடி எடுத்து நட்டுக்கொண்டிருக்கிறார்கள். நட்ட தலைமுறை கெட்ட எண்ணத்தில் நடவில்லை. நூறு வருஷம் கழித்து என்னாகும் என்று கேட்க அன்றைக்கு யாரும் இல்லை.

அதே மாட்டுப்பட்டியில்தான் இதற்கு நேர்மாறான ஆராய்ச்சியும் நடந்தது. ஊர்ப் பெயரிலேயே மாடும் பட்டியும் இருக்கிறது, அதற்கேற்ற மாதிரி 1963இல் இந்தோ-சுவிஸ் திட்டம் இங்கே கால் வைத்தது. ஆல்ப்ஸ் மலையிலிருந்து பிரவுன் சுவிஸ் காளைகளைக் கொண்டுவந்து நாட்டுப் பசுவோடு சேர்த்தார்கள். ‘சுனந்தினி’ பிறந்தது அப்படித்தான். அங்கே ஒரு காளை நல்லதா என்று எப்படி முடிவு செய்வார்கள் தெரியுமா? திமிலையும் தோலின் மினுமினுப்பையும் பார்த்து அல்ல. அதன் மகள்கள் வளர்ந்து, கன்று போட்டு, கிராமத்துக் கொட்டில்களில் எத்தனை லிட்டர் கறக்கின்றன என்று வீடு வீடாகப் போய் அளந்து எழுதி, அப்புறம்தான் காளைக்கு மார்க். வருஷக்கணக்கில் ஆகும். பரவாயில்லை என்று காத்திருந்தார்கள்.

பைக்கும் கப்புக்கும் அந்த மாதிரி ஒரு கணக்கு வேண்டும். திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் உள்ள நிஸ்ட் ஆய்வுக்கூடத்தில் வேளாண் கழிவிலிருந்து தட்டு, கிண்ணம் செய்யும் முறைகளை உருவாக்கியிருக்கிறார்கள். அரசு ஆய்வுக்கூடம், கெட்டிக்காரர்கள். அந்தத் தட்டில் நாலு எடுத்துவந்து மாட்டுப்பட்டி அணைக்கரையில் ஒன்று, தேயிலை அடியில் ஒன்று, ஓடையில் ஒன்று, லயத்துக் குப்பைக்குழியில் ஒன்று என்று போட்டு, இரண்டு மழைக்காலம் கழித்துத் தோண்டிப் பார்த்து எழுதட்டும். அந்தப் பேப்பரைச் சட்டம் போட்டு மாட்ட நான் தயார்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது: ‘மக்கும்’ பை கொடுத்தால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண், தயாரித்தவர் பெயர், ஐ.எஸ். 17088 மூன்றும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பையைத் திருப்பிக் கொடுங்கள். இருந்தாலும் மலையில் போடாதீர்கள், கீழே எடுத்துவாருங்கள். குழந்தைகள் யானையைப் பார்த்ததும் கையில் இருப்பதை எறிவார்கள், கவனம். டீயைக் கண்ணாடி கிளாஸில் கேளுங்கள்.

நான் கேட்டேன். அணைக்கட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெட்டிக்கடை. சங்கரன்கோவில் பக்கத்துத் தமிழ் பேசும் ஓர் அக்கா, தலையில் கம்பளித் தொப்பி, அதன்மேல் முக்காடு. “அக்கா, பேப்பர் கப் வேண்டாம், கிளாஸ்ல குடுங்க” என்றேன். பலகைக்கு அடியில் கையைவிட்டு ஒரு கிளாஸைத் தேடி எடுத்தார். பிளாஸ்டிக் வாளியில் கையை முக்கியதும் ‘ஸ்ஸ்’ என்று இழுத்துக்கொண்டார். வாளித் தண்ணீரின் மேல் மெல்லிசாக ஐஸ் உடைந்து மிதந்தது. விரல்நுனி வெடித்திருந்தது, தேயிலைக் கறை ஏறிய வெடிப்பு. கிளாஸை இரண்டு தடவை அலசி, டீயை ஊற்றி நீட்டினார்.

“நீ ஒருத்தன் கேட்ட, கழுவிக் குடுத்துட்டேன் தம்பி. இப்ப ரெண்டு பஸ் வரும், எம்பது பேரு எறங்குவான். இந்தத் தண்ணில எம்பது கிளாஸ் யாரு கழுவுறது?”

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் நீட்டினார். வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அக்கா பேப்பர் கப் கட்டைப் பிரித்தார்.